ரேடியேட்டருக்கு உப்பு ஆகாது

எதிர்வீட்டுக்கு அவர் குடிவந்த மறுநாள், நான்கு பஞ்சாரங்களை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். தெருவே சந்தோஷப்பட்டது. பஞ்சாரம் என்றால் கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை. கூடை வந்தால் கோழி வரும், கோழி வந்தால் முட்டை வரும். நாட்டுமுட்டைக்கு இனி சந்தைவரை போக வேண்டாம் என்று என் மனைவி முடிவே கட்டிவிட்டாள். அடுத்த நாள் காலை ஆறரைக்கு எட்டிப் பார்த்தோம். நான்கு பஞ்சாரமும் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மூங்கில் சந்திலும் ஒரு ஜோடி மீசை.

"ஏங்க, பூனைங்க."

"ஆமா. முட்டை போடுமான்னு கேட்டுட்டு வரவா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பத்து நிமிடம் ஆனதும் வரிசையாகப் பஞ்சாரங்களைத் தூக்கினார். நான்கு பூனைகளும் வெளியே வந்து, தங்கள் தட்டை விட்டுவிட்டு அடுத்த தட்டுக்கு ஓடி மோந்து பார்த்தன. எல்லாத் தட்டும் காலி. ஏமாற்றத்தை முகத்தில் காட்டாமல் அவரவர் சோலியைப் பார்க்கப் போயின.

"நாலுக்கும் நாலு சாப்பாடு தம்பி," என்றார் என்னைப் பார்த்து. "மூடலன்னா ஒருத்தன் சோத்த இன்னொருத்தன் தின்னுருவான். சொந்தத் தட்டு எதுக்குமே பிடிக்காது."

இது பூனைகளைப் பற்றிச் சொன்னது என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விராலிமலையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு எடைமேடையில் அவருக்கு வேலை. ஜல்லி லாரி, மணல் லாரி, வைக்கோல் லாரி எல்லாம் வந்து இரும்புத் தகட்டில் ஏறி நிற்கும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் இவர், சிவப்பு எழுத்தில் வரும் எண்ணைச் சீட்டில் அடித்துக் கொடுப்பார். லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வந்தால் காலி எடை. நடுவில் இருப்பதுதான் சரக்கு. இருபது வருடம் இதையே பார்த்த மனிதருக்கு, உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதன் காலி எடை என்ன என்றுதான் மனசு போகும். ஞாயிற்றுக்கிழமை ஆவூர்ப் பக்கம் சொந்த ஊர் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் முதல் காரியம், பூனைகளை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டுவது. பையின் எடையைக் கழித்துவிட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதுவார். பகலெல்லாம் முப்பது டன்னை நிறுத்த மனிதர், சாயங்காலம் முப்பது கிராம் குறைந்ததற்கு மீன்காரரிடம் சண்டை போடுவார்.

பூனைகளுக்கு அவர் வைத்திருந்த பெயர்களும் அந்த ரோட்டிலிருந்து வந்தவைதான். குண்டாக இருந்தது ஓவர்லோடு. அதற்கு அரைத் தட்டு மீன், அதோடு வேகவைத்த பூசணி. எதைத் தின்றாலும் பாதியைக் கொட்டிவிடுகிற வயிறு ஒன்றுக்கு. அதன் பெயர் டிப்பர். கோழி வாசனையே ஆகாது, காரல் மீன் மட்டும், அதையும் மூன்று தவணையாக. எப்போது பார்த்தாலும் பின்னால் குட்டிகள் தொடர வருகிறவள் டிரெய்லர். அவளுக்கு ஈரல், ஒரு முட்டைக்கரு. பல் போன கிழட்டுப் பூனைக்கு மட்டும் பெயர் இல்லை, பாட்டியம்மா என்பார். முள்ளெடுத்து மசித்த மீனை ஒரு கரண்டி கஞ்சியில் குழைத்து, விரலால் வாயில் வைப்பார்.

இவ்வளவையும் காலையில் ஒரே அடுப்பில், நான்கு கிண்ணங்களில் செய்வார். தவக்காலம் வந்தால் அவர் நாற்பது நாளும் கவிச்சி தொடமாட்டார். ஆனால் பூனைகளுக்கு மீன் அவிப்பது நிற்காது. மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பக்கத்து அடுப்பில் தனக்கு ரசம் வைத்தபடி மீன் முள் எடுக்கிற அவரை நான் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுப் பெசஞ்சு வெச்சா என்னண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வெக்கலாம். நாலும் தின்னும். நாலுக்கும் ஒடம்பு கெடும்." முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "எல்லாருக்கும் ஒரே சோறு போடுறது நியாயம்னு ஊருல சொல்லுவாங்க. அது நியாயம் இல்ல தம்பி, சோம்பேறித்தனம்."

இந்த வாக்கியத்தை என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு அப்போதே ஆசையாக இருந்தது. ஏனென்றால் எனக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜின் மேல் ஒரு காந்தத்துக்கு அடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே குழம்பு. உப்பு வேண்டாம் என்கிறவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். எதிரே ஒரு கிழட்டுப் பூனைக்கு விரலால் ஊட்டுகிறார்கள். நாற்பத்தெட்டு வயதில், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற, நான்கு பேர் மதிக்கிற ஒரு மனிதன், பல் இல்லாத பூனையைப் பார்த்து ஏங்கினான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

அதுவரை பொறாமை லேசாகத்தான் இருந்தது. பாண்டி விஷயத்தில்தான் அது முற்றியது.

பாண்டி எங்கள் பூனை. செவலை நிறம், கடுவன். என் மகள் பத்தாவது படிக்கும்போது கால்வாயிலிருந்து தூக்கி வந்தாள். மை நிரப்பும் ஃபில்லரால் பால் கொடுத்து வளர்த்தது நான். மகள் திருச்சிக்குக் கல்லூரிக்குப் போன பிறகு, வீட்டில் நான் சொல்கிற ஜோக்குகளை முழுதாகக் கேட்கிற ஒரே ஜீவன் அவன்தான். சிரிக்க மாட்டான். எழுந்தும் போக மாட்டான். ஒரு கணவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒருநாள் பாண்டி எங்கள் வீட்டு மணல் குவியலில் போய்ப் போய்க் குந்தினான். குந்தி, முக்கி, ஒன்றும் வராமல் எழுந்து, மறுபடி குந்தினான். நான் மருத்துவம் தெரிந்தவன் போல, மலச்சிக்கல் என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு கரண்டி விளக்கெண்ணெயை வாயில் ஊற்றினேன். அவன் என் சட்டையில் பாதியைத் துப்பினான். எதிர்வீட்டு அண்ணன் வேலை முடிந்து வந்தவர், மொபெட்டை ஸ்டாண்டு போடாமலே தெருவில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அது வெளிக்கு இல்ல தம்பி, ஒண்ணுக்கு அடச்சிருக்கு. வயித்தத் தொட்டுப் பாருங்க, கல்லு மாதிரி. நேரம் போனா ஆள் தங்க மாட்டான்."

அவரேதான் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போனார். வீட்டிலேயே சிகிச்சை பார்க்கும் கால்நடை டாக்டரம்மா ஒருவர், மெல்லிய குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தார். கடுவன் பூனைகளுக்கு வருகிற தொந்தரவு; உப்புப் போல உள்ளே கட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். இனி இவனுக்கு உப்பு கூடாது, கருவாடு கூடவே கூடாது, பொட்டலத்தில் வருகிற காய்ந்த தீனி வேண்டாம், சாப்பாட்டில் தண்ணீர் தளும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

"இதெல்லாம் நம்ம வீட்ல நடக்கிற கதையா?" என்றாள் என் மனைவி. "எனக்கு ஒங்களப் பாத்துக்கவே ஆளு பத்தல. அண்ணே, நீங்களே அதையும் சேத்துப் பாத்துக்கறீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன். மறுநாள் ஐந்தாவது பஞ்சாரம் வந்தது.

பாண்டி அதற்குள் போய் உட்கார்ந்த விதம் இருக்கிறதே! அதுவரை எங்கள் வீட்டில் ஒரு கதவைச் சாத்தினால் கத்துகிறவன், அங்கே மூங்கில் கூடைக்குள் மாப்பிள்ளை போல உட்கார்ந்து, உப்பில்லாத மீன் தண்ணீரை நக்கினான். ஒரு வாரத்தில் ராத்தங்கலும் அங்கேயே. பெயரும் மாறிவிட்டது.

"தெனம் தண்ணி ஊத்தலன்னா ஓட மாட்டான்ல தம்பி. அதான் ரேடியேட்டர்."

நான் என் வாசலில் நின்று "பாண்டி" என்று கூப்பிட்டேன். காது அசையவில்லை. அவர் உள்ளேயிருந்து "ரேடியேட்டரு" என்றார். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஃபில்லரால் பால் கொடுத்து மூன்று வருடம் வளர்த்தவனுக்கு அந்த வாலின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது.

வீட்டில் இதற்கு உரம் போட ஆள் இருந்தது.

"அந்த அண்ணன் நேத்து ரேடியேட்டருக்குத் தண்ணி கொஞ்சம் சூடா வெச்சுக் குடுத்தாராம். மழைல்ல."

"எனக்கும் மழைதான்."

"நீங்களும் பஞ்சாரத்துக்குள்ள ஒக்காந்து நான் வெச்சதத் தின்னா, ஒங்களுக்கும் சூடா வெச்சுத் தாரேன்."

எடைமேடையில் அவரைப் போய்ப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன். அங்கே அவரைத் திட்டுகிறவர்கள் அதிகம். ஒரு லாரி டிரைவர் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, அரை டன்னைக் குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். பிறகு மிரட்டினார். பிறகு இவருடைய ஆத்தாவை இழுத்தார். இவர் சீட்டை நீட்டி, "வண்டிய இறக்குங்க, பின்னாடி ஆளு நிக்கிறாங்க" என்றார், குரல் உயராமல். திட்டுகிறவனைக்கூட எரிச்சலில்லாமல் பார்க்கிற ஒருவரிடம் எப்படிக் குறை கண்டுபிடிப்பது? ஒரு மனிதரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டுமானால், அவரிடம் ஒரு ஓட்டையாவது இருக்க வேண்டும், எட்டிப் பார்த்துத் தேற்றிக்கொள்ள. இவர் அந்த வசதியைச் செய்து தரவில்லை.

அப்போதுதான் கருவாடு வந்தது.

என் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் மத்தியானம் நெத்திலிக் கருவாடு பொரிப்பார்கள். எனக்குத் தடைசெய்யப்பட்ட வஸ்து. அதனாலேயே வாரத்தில் மூன்று நாள் வாங்குவேன். ஒருநாள் பொட்டலத்தைப் பிரித்தபோது, தெரு முனையில் பாண்டி நின்றிருந்தான். மூக்கு மேலே தூக்கியிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் என்னை நோக்கி ஓடி வந்தான். அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று கொடுத்தேன். ஒன்றுதானே. மறுநாள் இரண்டு. பிறகு நாளாக ஆக ஒரு கணக்கு வந்துவிட்டது: எனக்கு ஐந்து, அவனுக்கு ஐந்து. சமமாகப் பங்கு போட்டேன். உப்பு ஆகாத இரண்டு பேர், காயில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கருவாடு தின்றோம். தின்று முடித்ததும் அவன் என் மடியில் படுத்துத் தூங்குவான். "பாண்டி" என்றால் காதை ஆட்டுவான். வாரத்தில் மூன்று நாள் வாங்கியது, தினமும் ஆனது. வெளியே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி, கடை வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எடையில் அவர் குழம்பினார். "ஓவர்லோடு எறங்குறான், டிப்பர் அப்படியே நிக்கிறான். இவன் மட்டும் நூறு கிராம் ஏறியிருக்கான். ஏன்னு புரியல."

"வயசுண்ணே. எனக்கும் அப்படித்தான்," என்றேன். இப்படி ஒரு பதில் சொல்லிவிட்டுச் சிரித்த வாயை இப்போது நினைத்தால் அறையலாம் போலிருக்கிறது.

இரண்டு மாதம் ஓடியது. ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் என் வாசலில் வந்து நின்றார். கையில் துண்டில் சுற்றிய பாண்டி. அவன் வயிற்றைத் தொடச் சொல்லி என் கையைப் பிடித்து வைத்தார். கல்.

எனக்கு அப்போது வந்ததைப் பயம் என்று சொன்னால் பயத்துக்கு அவமானம். வண்டிச் சாவியை எடுக்கப் போய் டி.வி. ரிமோட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு. தக்காளிக் கூடை ஒன்றில் பாண்டியை வைத்து மேலே துண்டைக் கட்டினோம். அவர் பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டார். புதுக்கோட்டை வரை நாற்பது கிலோமீட்டர். வழியெல்லாம் நான் பேசினேன். ரோட்டைப் பற்றி, மழையைப் பற்றி, எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட்டைப் பற்றி. வாயை மூடினால் உள்ளே இருக்கிற கருவாடு வெளியே வந்துவிடும் என்று பயம். கூடைக்குள்ளிருந்து பாண்டி கத்திக்கொண்டே வந்தான். நடுவில் கத்துவதை நிறுத்தினான். அது இன்னும் மோசமாக இருந்தது.

டாக்டரம்மா மேசையில் வைத்துப் பார்த்தார்.

"சாப்பாடு சொன்னபடிதான் குடுக்கறீங்களா?"

"சொன்னபடிதான் மேடம்," என்றார் அண்ணன். "ஒரு கல்லு உப்பு போகல. தண்ணி அளந்து ஊத்துறேன். தட்ட மூடித்தான் வெக்கிறேன், அடுத்ததோடத தின்ன வழியில்ல."

"வெளியில எதுவும் தின்னுருக்காதே?"

"இல்ல மேடம்."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டே யோசித்தார். "சாப்பாடு இவ்வளவு சரியா இருந்தும் திரும்ப அடைக்குதுன்னா, இனி சாப்பாட்ட நம்பிப் பிரயோசனமில்ல. இப்ப குழாய் வெச்சு எடுக்கறேன். ஆனா நாளைக்கே தஞ்சாவூர்ப் பக்கம் கொண்டுபோய் வழியையே வெட்டி ஆபரேஷன் பண்ணிடறது நல்லது. இந்த நெலமையில தாங்குமான்னு உறுதி சொல்ல முடியாது. நீங்க வெளிய ஒக்காருங்க."

வெளியே ஒரு சிமெண்ட் பெஞ்சு. உட்கார்ந்தோம். அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

"எங்கேயோ என் கையிலதான் தப்பு தம்பி. கிண்ணம் மாறிப்போச்சோ என்னமோ. வயசாகுது. நாலு போதும்னு இருந்திருக்கணும், அஞ்சாவது என்னால முடியல."

இதுதான் நான் பேச வேண்டிய இடம். பேசவில்லை. அந்த நிமிடத்திலும் எனக்கு ஒரு கேவலமான பொறாமை வந்தது: பழியைக்கூட இந்த மனிதர் என்னைவிட அழகாக ஏற்றுக்கொள்கிறாரே!

பிறகு அவர், என்னைப் பார்க்காமல், சொன்னார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? சிரிக்காதீங்க. எனக்கு ஒங்க மேல ரொம்ப வயித்தெரிச்சல்."

"எம்மேலயாண்ணே?"

"மத்தியானம் நான் ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போறேனே, எதுக்குன்னு நெனக்கிறீங்க? சோத்துக்கா? இவனப் பாக்கத்தான். வந்தா இருக்க மாட்டான். ஒங்க கடைல கெடப்பான், ஒங்க மடியில. நான் அந்தாண்ட ரோட்டுல நின்னு பாத்துட்டுப் போயிருவேன். மீன நான் அவிக்கிறேன், முள்ள நான் எடுக்கிறேன், எங்கிட்டத் தின்னுட்டு அங்கிட்டுப் போறான். சோறு வேற, பிரியம் வேறன்னு மனச ஆத்திக்கிட்டேன். சின்னதுல பாலு குடுத்தவரு நீங்க. அவனுக்கு ஒங்க மேலதான் தம்பி உசுரு."

நாற்பத்தெட்டு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட்டதில்லை. என் தொழில், என் வண்டி, என் தலைமுடி, எதுவும் யார் வயிற்றையும் எரியவைத்ததில்லை. அன்று ஓட்டையே இல்லாத ஒரு மனிதர், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உன்னைப் பார்த்தால் எரிகிறது என்று சொல்கிறார். அதை அப்படியே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் போலிருந்தது. என் பையில் ரிமோட்தான் இருந்தது.

உள்ளே டாக்டரம்மா தஞ்சாவூருக்கு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். கத்தி, தையல், நாளை காலை.

"அண்ணே," என்றேன். "அது பிரியம் இல்லண்ணே."

"என்ன?"

"கருவாடு."

அவர் திரும்பினார். நான் மனைவியின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். மெஸ், பொட்டலம், ஐந்து ஐந்து, இரண்டு மாதம். சொல்லும்போது நடுவில் ஒரு ஜோக்கும் சொன்னேன்; பயத்தில் எனக்கு அது தானாக வரும். அவர் சிரிக்கவில்லை.

துண்டை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "தலையோடவா, கிள்ளிட்டா?"

"தலையோட."

"கழுவியா?"

"இல்லண்ணே. பொரிச்சது."

"ஒங்களுக்கு எத்தனை?"

"எனக்கும் அஞ்சு. சமமாத்தான்."

"ஒங்க எடை?"

"எழுபத்தெட்டு."

"அவன் நாலே கால்." விரல் மடக்கவில்லை, கண்ணை மட்டும் ஒரு நொடி மூடினார். "அவன் அஞ்சு தின்னது, நீங்க தொண்ணூத்திரெண்டு தின்ன மாதிரி. ஒரே வேளையில. தெனம்."

தொண்ணூற்றிரண்டு நெத்திலிகள் என் நெஞ்சில் ஒன்றாக ஏறி நின்றன. அடித்திருந்தால் தேவலை. அவர் எழுந்து உள்ளே போனார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல் டாக்டரம்மாவிடம் சொல்கிற சத்தம் கேட்டது. யார் கொடுத்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. "வெளிய தின்னுருக்கு மேடம்" என்றார்.

"அட, அதானே!" என்றார் டாக்டரம்மா. "அப்ப வெட்ட வேணாம். ரெண்டு நாள் குழாயோட இங்க இருக்கட்டும். வெளித்தீனிய நிறுத்துங்க, போதும்."

மூன்றாம் நாள் பாண்டி திரும்பினான். அண்ணன் அவனைப் பத்து நாள் சன்னல் சாத்திய அறையில் வைத்திருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் என்னோடு சண்டை போடவில்லை. அதிகம் பேசவும் இல்லை. "போனானா அண்ணே?" என்று தினமும் கேட்பேன். "போனான்" என்பார். எதைக் கேட்கிறேன் என்று இருவருக்கும் தெரியும். நான் கருவாட்டைத் தொடவில்லை. விஷயம் தெரிந்த என் மனைவி எனக்கென்று தனியாக ஒரு கிண்ணத்தில் உப்பில்லாமல் குழம்பு எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தாள். ஏங்கியதெல்லாம் கிடைத்தது. வாயில் வைக்க விளங்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் அவர் என் கடை வாசலில் மொபெட்டை நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

"இன்னைக்கு அவுத்து விட்டுட்டேன்," என்றார். போய்விட்டார்.

வேறொன்றும் சொல்லத் தேவையில்லை. கருவாடு இல்லை. இனி அவன் வருவானா, மாட்டானா என்பதுதான் கேள்வி. மத்தியானம் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. அந்தப் பக்க ரோட்டில் மொபெட் ஒன்று மெதுவாகப் போனது. நான் கம்பி சுற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மறுநாளும் வரவில்லை. நான் சாப்பிடாமலே கடையைச் சாத்தினேன். என்ன வேலை இது, வயசுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கிறவன் பூனைக்காகத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று என்னை நானே கிண்டல் செய்து பார்த்தேன். எடுபடவில்லை.

மூன்றாம் நாள் வந்தான். இளைத்திருந்தான். மேசைக்கு அடியில் மோந்தான், பொட்டலம் வைக்கிற பலகையில் முன்னங்காலை வைத்துத் தேடினான். ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தான். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கிட்டே வந்து, என் உள்ளங்கையை மோந்து, நக்க ஆரம்பித்தான். நிறுத்தவே இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய அடுத்த நொடியே ஒரு சந்தேகம். வெயில். வியர்வை. வியர்வையில் என்ன இருக்கிறது? கையைப் பிடுங்கிக்கொண்டு போனை எடுத்தேன்.

"அண்ணே, வந்துட்டான்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம். "என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லண்ணே, சத்தியமா. கையத்தான் நீட்டுனேன். நக்கிக்கிட்டே இருக்கான். இப்ப எனக்கு என்ன பயம்னா, வேர்வையில உப்பு இருக்கும்ல?"

லாரிச் சத்தம் நின்றது.

"இருக்கும்."

"அப்ப அவன் அதுக்குத்தான் நக்குறானா?"

"சோப்புப் போட்டுக் கைய நல்லாக் கழுவுங்க. தொடச்சிட்டுத் திரும்ப நீட்டுங்க."

"சரிண்ணே."

"தம்பி."

"சொல்லுங்கண்ணே."

"அப்பவும் நக்குனான்னா, எங்கிட்ட சொல்ல வேணாம்."

வைத்துவிட்டார். நான் குழாயடிக்குப் போய் இரண்டு தடவை சோப்புப் போட்டேன். நகக்கண்ணெல்லாம் தேய்த்தேன். சட்டையில் துடைத்தால் சட்டையிலும் வியர்வை என்று காற்றில் ஆட்டிக் காயவைத்தேன். பாண்டி வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து கையை நீட்டினேன்.

அன்று சாயங்காலம் தெருவில் எதிர்ப்பட்டபோது அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் எதிர்வீட்டில் இருந்தார், கேட்கவே இல்லை. இப்போது அறந்தாங்கிப் பக்கம் வேறொரு எடைமேடையில் இருக்கிறார்; போன் பேசுவோம், மீன் விலையிலிருந்து மழைவரை எல்லாம் வரும், அது மட்டும் வராது. தெருவில் கண்டவரை நிறுத்தி வைத்துக் கதை சொல்கிற வாய் என்னுடையது. இருந்தாலும் கையை நீட்டிய பிறகு என்ன நடந்தது என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதிலும் எழுதப்போவதில்லை. அவர் படித்துவிடுவார்.